ஹவுன்ஸ்லோவில் நான்காவது லெவல்

அந்த யோசனை வந்தது வெம்பிளியில், ஒரு கலியாண மண்டபத்தில், சாப்பாட்டு வரிசையில் நின்றபோது. எனக்கு முன்னால் நின்ற பச்சைச் சேலை திரும்பிப் பார்த்தது. பார்த்தால், அவள்! சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் ஒன்பது வருடம் என் பக்கத்துக் கதிரையில் இருந்தவள். நான் கத்தினேன், அவளும் கத்தினாள், வெறும் தட்டுகளைக் கையில் பிடித்தபடியே கட்டிப்பிடித்துக்கொண்டோம். தட்டுகள் முதுகுக்குப் பின்னால் முட்டிக்கொண்ட சத்தத்துக்கு நாலு பேர் திரும்பினார்கள்.

"எப்பிடியடி இருக்கிறாய்?"

"இருக்கிறன். நீ?"

"ஒருக்கா கட்டாயம் சந்திக்கவேணும்."

"ஓமடி, கட்டாயம்."

இதே நாலு வசனங்களை, இதே ஒழுங்கில், போன வருடம் வேறொரு மண்டபத்தில் பேசியிருந்தோம் என்பது அப்பளத்துக்குக் கை நீட்டும்போது ஞாபகம் வந்தது. அதற்கு முந்திய வருடமும் பேசியிருந்தோம். லண்டனில் எங்கள் ஆட்களிடம் இப்படி ஒரு நட்பு வகை உண்டு. அதை நான் மண்டப நட்பு என்பேன். என் அம்மாவுக்கு அப்படி நாற்பது பேராவது இருப்பார்கள். சேலையைத் தொட்டுப் பார்ப்பார்கள், பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்பார்கள், "கட்டாயம் வாங்கோ" என்பார்கள். யாரும் யார் வீட்டுக்கும் போகமாட்டார்கள். அம்மாவுக்கு அது பரவாயில்லை, ஐம்பத்தெட்டு வயது. எனக்கு இருபத்தைந்து. அதற்குள் ஒன்பது வருடத்துக் கூட்டாளியை மண்டபத்துக்கு விட்டுக்கொடுப்பதா?

அப்போதுதான் பொறி தட்டியது.

மூன்று வருடமாக நான் காத்திருந்த ஒரு வீடியோ கேம் அடுத்த வாரம் வெளிவர இருந்தது. ஏலியன்கள் ஒரு விண்வெளி நிலையத்தைப் பிடித்துவிடுகின்றன. இரண்டு வீரர்கள் போய் அவற்றைச் சுட்டு நிலையத்தை மீட்கவேண்டும். கதை அவ்வளவுதான், கதைக்காக யார் விளையாடுகிறார்கள்? விசேஷம் என்னவென்றால், அதைத் தனியாக விளையாடவே ஏலாது. இன்டர்நெட்டில் தூர இருந்தும் ஏலாது. ஒரே ரிவிக்கு முன்னால் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் இருக்கவேண்டும். நிலையத்தில் உள்ள ஒவ்வொரு கதவுக்கும் இரண்டு பிடிகள். ஒருவர் இடது பிடியையும் மற்றவர் வலது பிடியையும் ஒரே நேரத்தில் இழுத்தால்தான் திறக்கும். மொத்தம் பன்னிரண்டு லெவல். ஒரு சந்திப்புக்கு ஒரு லெவல் என்று வைத்தாலும் பன்னிரண்டு சந்திப்பு!

கத்தரிக்காய்க் குழம்புக்கு முன்னால் நின்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். பின்னால் நின்ற ஒரு மாமா, "பிள்ளையள், கொஞ்சம் நகருங்கோ" என்றார்.

"எனக்கு ஷிப்டடி," என்றாள் அவள். விமான நிலையத்தில் பயணிகளின் பைகளைச் சோதிக்கும் வேலை அவளுக்கு. "நாலு நாள் வேலை, நாலு நாள் லீவு. எல்லாச் சனியும் வராது."

"எப்ப லீவோ அப்ப வா."

"நல்ல கேமோ?"

"மூண்டு வருசமாப் பாத்துக்கொண்டிருக்கிறன்."

"ஜேர்மன் படிக்கப்போறன் எண்டும் மூண்டு வருசம் சொன்னனீ. வாசிக்கப்போறன் எண்டு வாங்கின அந்த யுகுலேலே எங்க?"

"கட்டிலுக்குக் கீழ."

"அதுதானே." சிரித்தாள். "சரி, வாறன். ஆனா நல்லா இல்லாட்டி என்னை இழுத்துக்கொண்டு போகேலாது. லீவு நாள் எனக்குத் தங்கம். நல்லா இல்லாட்டி அடுத்த கலியாணத்தில பாப்பம்."

பகிடியாகத்தான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கேம் நல்லதாக இருந்தே ஆகவேண்டும் என்று முடிவு செய்துகொண்டு இனிப்பு மேசையில் இருந்த வட்டிலப்பத்துக்குப் போனேன்.

*

முதல் சந்திப்பு கோலியர்ஸ் வுட்டில், எங்கள் வீட்டில். அவள் ஹவுன்ஸ்லோவிலிருந்து வரும்போது ஒரு பெட்டி மிதிவெடி வாங்கி வந்தாள். அவித்த முட்டையை உள்ளே வைத்துப் பொரித்த பெரிய ரோல்ஸுக்கு எங்கள் சனம் வைத்த பெயர் அது, போரில் நிலத்தில் புதைத்த கண்ணிவெடியின் பெயர். மெத்தை போட்ட நீளச் செற்றியில் அப்பா ஒரு மூலை, நாங்கள் மற்ற மூலை. கேம் தொடங்கியது. முதல் ஏலியன் வந்தது. நான் சுட்டேன்.

ரிவியிலிருந்து வந்த அந்த முதல் வெடிச்சத்தத்துக்கு அப்பா எழும்பினார். பின்கதவைத் திறந்து, செருப்புக்கூடப் போடாமல், தூறலில் தோட்டத்துக்குப் போய் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா குசினியிலிருந்து வந்தார்.

"பிள்ளை, சத்தத்தை நிப்பாட்டு."

"குறைச்சாக் காணாதோ அம்மா?"

"நிப்பாட்டு."

அதற்கு மேல் விளக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. தனியாக விளையாடும்போது நான் எப்போதும் ஹெட்போன் போடுவேன். போட்டுப் போட்டுப் பழகி, இப்படி ஒரு சட்டம் வீட்டில் இருப்பதே மறந்துபோயிருந்தது. இப்போது தலை இரண்டு, ஹெட்போன் ஒன்று. அவள் எதுவும் கேட்காமல் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தாள். போருக்குள் மன்னாரிலிருந்து வந்த அவர்கள் வீட்டிலும் புதுவருட வாணவேடிக்கைக்கு யன்னல்களை எல்லாம் பூட்டிவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். கொஞ்ச நேரத்தில் அப்பா உள்ளே வந்து, கால் துடைத்து, இரண்டு மிதிவெடி சாப்பிட்டார். அந்த ஒரு வெடி மட்டும் அவருக்கு ஆகும்.

சரி, கேம். என்ன சொல்ல? ஏலியன்கள் பார்க்க, நனைந்த குடையைப் பாதி மடித்து வாசலில் சாத்தி வைத்தது மாதிரி இருந்தன. நிலையம் முழுக்க ஒரே சாம்பல் நிற நடை. அதில் திரும்பினால் இன்னொரு சாம்பல் நிற நடை. என் வீரன் கால் விறைத்த ஆள் மாதிரி நடந்தான். அவளுடைய வீரன் ஒருமுறை குதித்துக் கூரையில் செருகிக்கொண்டு, கீழே வராமல் பத்து நிமிடம் கால்களை ஆட்டிக்கொண்டிருந்தான். பின்னாலிருந்து எது வருகிறது என்றே தெரியாது. முதல் லெவலில் மட்டும் பதினொரு தரம் செத்தோம்.

"முதல் லெவல்தானே," என்றேன் நான். "இனித்தான் சூடு பிடிக்கும்."

அடுத்ததாக மூன்று தலையோடு ஒன்று ஆடி ஆடி வந்தபோது, திடீரென்று அவளுடைய வேலைக்குரல் வெளிவந்தது. "பெல்ட்டைக் கழட்டுங்கோ ஐயா. ஓம், மூண்டையும். நூறு மில்லிக்கு மேல திரவம் கொண்டுபோகேலாது. வாயால வடியிற அந்த வீணியை இந்தத் தட்டில விடுங்கோ."

நான் செற்றியிலிருந்து வழுக்கிக் கீழே வந்தேன். என் பங்குக்கு அந்த ஏலியனுக்கு ஒரு மண்டப மாமியின் குரலைக் கொடுத்தேன். "பிள்ளை, நீர் ஆரின்ர மகள்? அம்மா எந்த ஊர்?" அதன் பிறகு வந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு பயணச்சீட்டு, ஒரு சொந்த ஊர், ஒரு சீனி வருத்தம். அம்மா எட்டிப் பார்த்து, "சுடுறதுக்கு இவ்வளவு சிரிப்போ?" என்றார்.

போகும்போது அவளை வாசலில் நிறுத்திக் கேட்டேன். "எப்பிடி இருக்கு?"

"நல்லா இருக்கு," என்றாள்.

எங்கள் ஆட்களின் "நல்லா இருக்கு" என்பதில் எத்தனை வகை இருக்கிறது என்று எனக்குத் தெரியும். விருந்துக்குப் போன வீட்டில் உப்புப் போட மறந்த கறிக்குச் சொல்கிற "நல்லா இருக்கு" அது. ஆனாலும் சொல்லிவிட்டாளே! அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அடுத்த சந்திப்புக்கு நாள் குறித்தேன்.

இரண்டாவது லெவலில் சாம்பல் நடைக்குப் பதில் பழுப்பு நடை. மூன்றாவதில் திரும்பவும் சாம்பல். மாமிக் குரலும் எத்தனை நேரத்துக்குத்தான் தாங்கும்? மூன்றாவது முறை வந்தபோது அவள் நாலு தரம் கொட்டாவி விட்டாள், இரண்டு தரம் நேரம் பார்த்தாள். வாட்ஸ்அப்பில் அவளுடைய பதில்கள் "ம்", "பாப்பம்" என்று சுருங்கிக்கொண்டு வந்தன. மண்டபத்தின் சாம்பார் வாசம் எனக்கு இங்கேயே அடித்தது.

படித்த மூளை சும்மா இருக்குமா? காரணம் தேடியது, கண்டும் பிடித்தது. குற்றம் கேமில் இல்லை, நாங்கள் சத்தமில்லாமல் விளையாடுவதில்! ஏலியன் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதைச் சத்தம்தானே சொல்லும்? காதைப் பொத்திக்கொண்டு ரோட்டைக் கடந்துவிட்டு ரோட்டைக் குறை சொல்கிறோம். உடனே அவளுக்கு எழுதினேன்: "உன்ர வீட்டில சத்தத்தோட விளையாடுவம்."

அவள் எழுதுவதும் அழிப்பதும் தெரிந்தது.

"நீ இஞ்ச வாறியோ?"

"ஓம்."

"உண்மையா?"

"ஓமெண்டுறன்."

"சரி. ஞாயிறு மத்தியானம் வா. அம்மா செபமாலைக் கூட்டத்துக்குக் கோயிலுக்குப் போயிடுவா."

*

கேம் கொன்சோலைக் குளிக்கிற துவாயால் சுற்றி முதுகுப்பைக்குள் வைத்துக்கொண்டு புறப்பட்டேன். நோர்தேர்ன் லைனில் லெஸ்டர் ஸ்குவேர் வரை, பிறகு பிக்கடில்லி லைன். இருக்க இடமில்லை. ஏர்ல்ஸ் கோர்ட், ஹமர்ஸ்மித், அக்டன் டவுன் என்று அது போய்க்கொண்டே இருந்தது. பையின் வார் தோளில் வெட்டியது. என்ன தூரமடா இது என்று மனதுக்குள் திட்டினேன். திட்டிய பிறகுதான் உறைத்தது, இந்தத் தூரத்தை இந்த மாதத்தில் அவள் மூன்று தரம் வந்து போயிருக்கிறாள். அதுவும் லீவு நாளில். அவள் ஹவுன்ஸ்லோவுக்குக் குடிபோய் இரண்டு வருடம். நான் எத்தனை தரம் வந்திருக்கிறேன்?

எண்ணத் தேவையில்லை. ஒருதரமும் இல்லை.

புது வீட்டுக் குடிபூரலுக்குக் கூப்பிட்டிருந்தாள். ஏதோ பரீட்சை என்று சொல்லி, போனில் ஒரு வீட்டுப் படமும் இரண்டு இதயமும் அனுப்பியிருந்தேன். எங்கள் ஆட்களிடம் போக்குவரத்து என்று ஒன்று இருக்கிறது. ஒருவர் வந்தால் மற்றவர் போகவேண்டும். அம்மா இதையெல்லாம் பேசும்போது நான் கண்ணை உருட்டுவேன். ஹவுன்ஸ்லோ சென்ட்ரலில் இறங்கி, வெறுங்கையோடு போக வெட்கமாகி, கடையில் ஒரு பெட்டி மாம்பழம் வாங்கினேன்.

கதவைத் திறந்தவள் பெட்டியைப் பார்த்தாள். "உதென்ன?"

"குடிபூரலுக்கு."

"ரெண்டு வருசத்துக்கு முந்தினதுக்கோ?"

"ஓம்."

"பழம் பழுத்திருக்குமே," என்று சொல்லி வாங்கிக்கொண்டாள்.

ஒரு கடைக்கு மேலே சின்ன வீடு. சுவரில் மாதா சிலை, அதன் காலடியில் ஒரு சிவப்புக் குட்டி விளக்கு. கூரைக்கு மேலே இரண்டு நிமிடத்துக்கு ஒரு விமானம். கொன்சோலைப் பொருத்தி, சத்தத்தை முழுதாகத் திறந்தோம். நான்காவது லெவல்.

சத்தத்தோடு அது இன்னும் மோசம்.

ஏலியன்கள் பிரஷர் குக்கர் மாதிரி விசிலடித்தன. வலது பக்கம் வருவது இடது பக்கத்தில் விசிலடித்தது. இசை, நான் வேலை செய்யும் கவுன்சிலில் போனில் காத்திருப்பவர்களுக்குப் போடுவது போலவே இருந்தது. எங்கள் வீரன் ஒவ்வொரு கதவுக்கும், "நாங்கள் இங்கே தனியாக இல்லை" என்று அடித்தொண்டையால் அறிவித்தான்.

"தெரியும் அண்ணை," என்றாள் அவள், ஆறாவது தரம். விமானம் வந்து எல்லாச் சத்தத்தையும் மூடும்போதெல்லாம் நிம்மதியாக இருந்தது.

எனக்கு வேறு காரணம் மிச்சமில்லை. இருந்தாலும் வாய் திறந்தது. "அடுத்த லெவலில..."

அவள் கொன்ட்ரோலரை மடியில் வைத்தாள். "எடி, ஒண்டு சொல்லட்டே?"

"சொல்லு."

"உது பழுதான சாமான்."

"தெரியும்."

"எப்ப தெரியும்?"

"முதல் நாள். பதினொராந் தரம் சாகேக்க."

"பிறகேன் மூண்டு லெவல் விளையாடினனாங்கள்?"

"நீதானே நல்லா இருக்கு எண்டு சொன்னனீ!"

"வேற என்ன சொல்லுறது? உன்ர அம்மா புட்டுக் கட்டித் தந்துவிட்டவ. கையில சுடச்சுடப் புட்டை வச்சுக்கொண்டு, உங்கட வீட்டு வாசல்ல நிண்டு, கேம் கூடாது எண்டு சொல்லேலுமே? உனக்கு விசரே?"

நான் சிரிக்கத் தொடங்கினேன். அவள் சிரிக்கவில்லை.

"எனக்குக் கேமில கோவமில்லை," என்றாள். "மூண்டு தரம் வந்தன். ஒவ்வொரு தரமும் ரயிலில இருந்து யோசிப்பன், இவள் ஒருக்கா அங்கால வந்தா என்ன குறைஞ்சு போயிடும் எண்டு. நீ நாலாந் தரமும் என்னையே வரச்சொல்லியிருந்தா, ஷிப்ட் எண்டு சொல்லியிருப்பன். பிறகும் அப்பிடித்தான் சொல்லியிருப்பன்."

ஒரு விமானம் வந்தது. அது போகும்வரை இருவரும் காத்திருந்தோம்.

"நான் வந்திருக்கவேணும்," என்றேன்.

"ஓம்."

அவ்வளவுதான். அவள் எழும்பி, "தேத்தண்ணி போடுறன்" என்று குசினிக்குப் போனாள்.

நான் தனியாகச் செற்றியில் இருந்தேன். இனி என்ன? துவாயை எடுத்துக் கொன்சோலைச் சுற்றவேண்டியதுதானா? கேம் போனால் அடுத்த தரம் எதைச் சொல்லிக்கொண்டு வருவது? திரையில் எங்கள் இரண்டு வீரர்களும் சும்மா நின்றார்கள். நாலு ஏலியன்கள் வந்தன. சாகட்டும் என்று விட்டுவிட்டேன்.

சாகவில்லை. ஏலியன்கள் எங்களைத் தாண்டிப் போய்ச் சுவரில் முட்டி, திரும்பி வந்து, மற்றச் சுவரில் முட்டின. ஒன்று என் வீரனுக்குப் பக்கத்தில் வந்து பஸ்ஸுக்கு நிற்பது மாதிரி நின்றது. நான் மெல்லக் கொன்ட்ரோலரை எடுத்தேன். சுடாமல் நாலடி நடந்தேன். ஒருவரும் சட்டை செய்யவில்லை. சுவரைப் பார்த்து ஒரு வெடி சுட்டேன். நாலும் பாய்ந்தன, செத்தேன். திரும்பத் தொடங்கி, சுடாமல் நின்றேன். ஒன்றுமில்லை. இன்னொரு தரம் செய்து பார்த்தேன். அதே முடிவு!

"ஏய், இஞ்ச வா! கெதியா வா!"

கரண்டியோடு ஓடிவந்தாள். "என்ன, மாதா சிலையை உடைச்சிட்டியோ?"

"இல்லை, பார். நாங்கள் சுட்டாத்தான் உதுகள் வருகுதுகள். சுடாட்டி எங்களைக் கண்ணிலயும் காணுதில்லை."

"கேமைச் செய்தவைக்கு இது தெரியுமோ?"

"தெரிஞ்சிருக்காது. பிழை விட்டிட்டினம். சுடுற கேமில சுடாம ஆர் நிண்டு பாக்கப்போயினம்?"

திரையை உற்றுப் பார்த்தாள். பஸ்ஸுக்கு நின்ற ஏலியன் இன்னும் நின்றது. அவளுடைய முகத்தில், தமிழ்ப் பள்ளியில் ஆசிரியர் திரும்பி நிற்கும்போது வருகிற அந்தப் பழைய களவு முழி வந்தது. கரண்டியை வாயில் கவ்விக்கொண்டு, கொன்ட்ரோலரை எடுத்து இருந்தாள்.

"கதவு," என்றாள் கரண்டிக்கு ஊடாக.

"மூண்டு, ரெண்டு, ஒண்டு, இழு!"

போனோம். சாம்பல் நடைகள் எல்லாவற்றிலும், ஏலியன்களுக்கு நடுவே, கோயில் திருவிழாவில் சனத்துக்குள் நுழைகிற மாதிரி விலகி விலகிப் போனோம். "மன்னிக்கவேணும், கொஞ்சம் வழி விடுங்கோ, பிள்ளைக்குச் சுகமில்லை" என்று அவள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வந்தாள். முட்டினால் கோபிக்குமோ என்று ஒரு ஒடுங்கிய பாலத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். முந்திய லெவல்கள் ஒவ்வொன்றும் இரண்டு மணித்தியாலம் எடுத்தன. இது பத்தொன்பது நிமிடம். முடிவில் புள்ளிப் பலகை வந்தது. சுட்ட வெடி: பூச்சியம். கொன்ற ஏலியன்: பூச்சியம். தரம்: ஆகக் கடைசி. அவள் போனை எடுத்து அதைப் படம் பிடித்தாள். நான் அறிய அவள் பள்ளியில் வாங்கிய எந்தச் சான்றிதழையும் அப்படிப் படம் பிடித்ததில்லை.

குசினியில் தேத்தண்ணி ஆறிப்போனது. அவளுடைய அம்மா கோயிலிலிருந்து வந்து, என்னைக் கண்டு, "கடவுளே, இப்பவாவது வழி தெரிஞ்சுதே பிள்ளை" என்றார். இரண்டாவது அடி. வாங்கிக்கொண்டு மாம்பழம் வெட்ட உதவினேன். பிறகு ஐந்தாவது லெவல். அங்கேதான் மாட்டிக்கொண்டோம். வெளியே போகும் கதவின் வலது பிடிக்கு முன்னால் ஏலியன் ராணி குந்தியிருக்கிறது. பெரிய உடம்பு. தள்ள ஏலாது, சுற்றிப் போகவும் இடமில்லை. அதை எழுப்ப ஒரு வெடி போதும், ஆனால் வெடி சுட்டால் எங்கள் பூச்சியம் போய்விடும். இருபது தரம் முயன்றோம். கடைசித் தரம், அவள் தவறுதலாக அந்தக் கூடத்தின் மூலையில் இருந்த லிஃப்டின் பொத்தானை அழுத்த, டிங் என்று ஒரு மணி அடித்தது. ராணி தலையைத் திருப்பியது.

நாங்களும் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்தோம். ஆனால் அவளுக்கு விடிய நாலு மணிக்கு வேலை. கொன்சோலை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

இதை எழுதுவது வியாழக்கிழமை. அவளுடைய லீவு நாளைக்குத் தொடங்குகிறது. கவுன்சிலில் அரை நாள் விடுமுறை எழுதிக் கொடுத்துவிட்டேன். இரண்டு மணிக்கு ஹவுன்ஸ்லோவில் நிற்பேன். திட்டம் இதுதான்: ஒருவர் லிஃப்ட் மணியை அடித்து ராணியை அங்கே இழுப்பது, அது எழும்பியதும் மற்றவர் வலது பிடிக்குப் பாய்வது, மணி அடித்தவர் ராணி திரும்பி வருவதற்குள் கூடத்தைச் சுற்றி ஓடி இடது பிடிக்கு வந்து சேர்வது. ஓட இருபது செக்கன் வேண்டும் என்கிறேன் நான். பன்னிரண்டு காணும் என்கிறாள் அவள். மணி அடிப்பது யார் என்பதில் நேற்றிலிருந்து வாட்ஸ்அப்பில் சண்டை நடக்கிறது. இரண்டு விதமாகவும் செய்து பார்க்கப்போகிறோம்.